பனி விழுமுன் ஹீட் பம்ப்: காற்றுக்கும் தண்ணீருக்கும் வழி விடுங்கள்

ஹீட் பம்ப் என்பது திருப்பி ஓட்டக்கூடிய ஏசி; குளிர்காலத்தில் வெளிக்காற்றின் வெப்பத்தை இழுத்து வீட்டுக்குள் சூடு தருகிறது. ஆகவே வெளியே நிற்கும் அதன் பெட்டியும் சூடாகத்தான் இருக்கும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். நடப்பது நேர்மாறு. ஹீட்டிங் ஓடும்போது அவுட்டோர் யூனிட்டின் காயில், அதாவது குளிர்பதன கேஸ் ஓடும் குழாய்ச் சுருள், சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்து இருந்தாக வேண்டும். அப்போதுதான் வெளிக்காற்றில் இருக்கும் கொஞ்சநஞ்ச வெப்பமும் அதற்குள் இறங்கும். வெளியே 2 டிகிரி செல்சியஸ் என்றால் காயில் பூஜ்யத்துக்குக் கீழே ஐந்தாறு டிகிரியில் ஓடிக்கொண்டிருக்கும். காற்றின் ஈரம் அதில் பட்டதும் உறைபனியாகப் படியும். கோடையில் ஏசி ஓடும்போது இன்டோர் யூனிட்டிலிருந்து குழாய் வழியாகச் சொட்டுகிறதே, அதே தண்ணீர்தான் குளிர்காலத்தில் இடம் மாறி வெளியே போய்விடுகிறது. அங்கே சொட்டுவதற்குள் உறைந்தும் விடுகிறது.

அளவு கொஞ்சமும் சாதாரணமல்ல. 10 கிலோவாட் சூடு தரும் யூனிட், பூஜ்யத்தை ஒட்டிய ஈரமான நாளில், மணிக்கு ஒன்று முதல் இரண்டு லிட்டர் தண்ணீரைக் காற்றிலிருந்து பிடித்துக்கொள்ளும். ஒரு நாள் முழுக்க ஓடினால் வாளிக் கணக்கு. அத்தனையும் உருகி, பெட்டியை விட்டு இறங்கி, மறுபடி உறைந்து தொல்லை தராத இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். குளிர்காலத்துக்கு முன் செய்ய வேண்டிய வேலையில் முக்கால்வாசி இந்தத் தண்ணீருக்கும், காயில் வழியாகப் போகும் காற்றுக்கும் வழி செய்து கொடுப்பதுதான். மீதிக் கால்வாசி மின்சாரமும் தெர்மோஸ்டாட் அமைப்பும். கேஸ் குறைவு என்று பழி சுமத்தப்படும் பல யூனிட்களில் உண்மையில் குறைந்திருப்பது காற்றோட்டம்தான்.

வெளியே பகலில் 10 முதல் 15 டிகிரி இருக்கும் பருவத்திலேயே தொடங்கிவிடுவது நல்லது. கை விறைக்காது, கழுவிய தண்ணீர் உறையாது, பழுது தெரிந்தால் வீடு நடுங்காமல் ஆளைக் கூப்பிட அவகாசமும் இருக்கும். முதல் வேலையாக ஒரு சோதனை ஓட்டம். தெர்மோஸ்டாட்டை அறை வெப்பத்தைவிட 3 டிகிரி ஏற்றி வைத்து அரை மணி நேரம் ஓடவிடுங்கள். சாதாரணச் சமையலறை வெப்பமானி ஒன்று போதும்: காற்று உள்ளே போகும் இடத்தில் ஓர் அளவு, வெளியே வரும் இடத்தில் ஓர் அளவு. டக்ட் (அறைகளுக்குக் காற்று கொண்டுபோகும் குழாய்) வழியாகச் சூடு தரும் யூனிட்டில் இரண்டுக்கும் 8 முதல் 15 டிகிரி வித்தியாசம் இருந்தால் நல்ல அறிகுறி. வெளிவரும் காற்று பெரும்பாலும் 28 முதல் 38 டிகிரி வரைதான் இருக்கும். எரிவாயு எரித்துச் சூடு தரும் ஃபர்னஸ்போலச் சுடச்சுட வராது. உள்ளங்கையில் பட்டால் வெதுவெதுப்பு, முகத்தில் பட்டால் கொஞ்சம் குளிர்ச்சியாகக்கூடத் தோன்றும். இதைப் பழுது என்று எண்ணிச் சர்வீஸுக்குக் கூப்பிடுபவர்கள் நிறைய. அளந்து பார்த்த எண்ணைக் குறித்து வையுங்கள். நடுக்குளிரில் சந்தேகம் வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க வேறு அளவுகோல் கிடைக்காது.

உள்ளே: ஃபில்டர்

அழுக்கு ஃபில்டர் எல்லாப் பருவத்திலும் கெடுதல் என்றாலும், கெடுக்கும் விதம் மாறுகிறது. கூலிங்கில் காற்று குறைந்தால் உள்காயில் குளிர்ந்து ஐஸ் கட்டும், கண்ணுக்குத் தெரியும். ஹீட்டிங்கில் உள்காயில்தான் சூடான பக்கம். அங்கிருந்து வெப்பத்தை அள்ளிப் போகக் காற்று போதவில்லை என்றால் கேஸின் அழுத்தம் ஏறும், கம்ப்ரசர் அதிக மின்சாரம் இழுக்கும், கடைசியில் ஹை-பிரஷர் சுவிட்ச் விழுந்து யூனிட் நின்றுவிடும். சில நிமிடம் கழித்துத் தானே எழுந்து ஓடும், மறுபடி நிற்கும். வெளியே எந்தக் கோளாறும் தெரியாது. அறை மட்டும் சூடாகாது.

டக்ட் முறையில் 2.5 செ.மீ. தடிமன் உள்ள ஃபில்டரை ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். 10 செ.மீ. தடிமன் உள்ளது ஆறு மாதம் முதல் ஒரு வருடம் தாங்கும். குளிர்காலத்தில் யூனிட் நாள் முழுக்க ஓடுவதால் இரண்டையும் மாதம் ஒருமுறை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் ஊடுருவவில்லை என்றால் தேதியைப் பார்க்க வேண்டாம், மாற்றிவிடுங்கள். மெர்வ் (நுண்தூசியைப் பிடிக்கும் திறனின் தர எண்) 8 முதல் 11 வரை வீட்டுக்குப் போதுமானது. நல்லது என்று மெர்வ் 13 மெல்லிய ஃபில்டரைப் போட்டுவிட்டு, காற்றைத் தள்ளும் புளோயர் மூச்சு முட்ட இழுப்பதைக் கவனிக்காமல் விடுவது பரவலான தவறு. அந்தத் தரம் வேண்டுமானால் தடித்த ஃபில்டருக்கு இடமுள்ள பெட்டி வேண்டும். சட்டத்தில் அச்சிட்ட அம்புக்குறி காற்று போகும் திசையை, அதாவது புளோயரை நோக்கி இருக்க வேண்டும்.

சுவரில் மாட்டும் ஸ்ப்ளிட் யூனிட்டின் வலை ஃபில்டரைத் தூக்கி வீச வேண்டியதில்லை. முதலில் வேக்குவம் கிளீனரால் தூசியை இழுத்துவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, நிழலில் முழுக்க உலர்த்தி மாட்டினால் போதும். வெந்நீரோ நேர் வெயிலோ பட்டால் சட்டம் வளைந்து, விளிம்பில் இடைவெளி விழும். அந்த இடைவெளி வழியாகத் தூசி நேராகக் காயிலில் போய் உட்காரும்.

ஆளில்லாத அறைகளின் காற்றுத் துவாரங்களை மூடிச் சூட்டை மிச்சம் பிடிக்கும் பழக்கமும் இதே வகைதான். ஒன்றிரண்டை மூடினால் பெரிதாகத் தெரியாது. பாதி வீட்டை மூடினால் அடைந்த ஃபில்டரோடு ஓடுவதற்கும் அதற்கும் கம்ப்ரசருக்கு வித்தியாசம் தெரியாது.

வெளியே: காயில், அடித்தட்டு, கால்கள்

கைவைக்கும் முன் மின்சாரத்தைத் துண்டியுங்கள். தெர்மோஸ்டாட்டை ஆஃப் செய்தால் போதாது. யூனிட் அருகே உள்ள ஐசொலேட்டர் (மின்துண்டிப்பு சுவிட்ச்) அல்லது பிரேக்கரை அணைக்க வேண்டும். கம்ப்ரசர் வேகத்தைத் தேவைக்கேற்ப மாற்றும் இன்வெர்ட்டர் யூனிட் என்றால் மூடியைத் திறக்குமுன் குறைந்தது 10 நிமிடம் காத்திருங்கள். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள் மின்சாரம் போன பிறகும் உயிருக்கு ஆபத்தான அளவு மின்னேற்றத்தை வைத்திருக்கும். வெளிப்புறக் கழுவலோடு நிற்பவர்கள் மின்பெட்டி மூடியைத் தொடவே வேண்டாம்.

காயிலில் ஒட்டிய இலை, சருகு, பஞ்சு, சிலந்தி வலை எல்லாவற்றையும் முதலில் கையாலோ மென்மையான தூரிகையாலோ, ஃபின் (காயிலின் மெல்லிய தகடுகள்) ஓடும் திசையிலேயே வழித்தெடுக்க வேண்டும். குறுக்கே தேய்த்தால் ஃபின் சாயும். அலுமினிய ஃபின் ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 0.1 மி.மீ.தான்; விரல் நகம் பட்டாலே மடங்கிவிடும். பிறகு தோட்டக் குழாயின் சாதாரண வேகத்தில் தண்ணீர். மேல்மூடியைக் கழற்ற முடிந்தால் உள்ளிருந்து வெளிநோக்கி அடிப்பதே சரி, ஏனென்றால் அழுக்கு வெளியிலிருந்துதான் வந்தது. வந்த வழியே திரும்பிப் போகட்டும். பிரஷர் வாஷரை இதற்குக் கொண்டுவராதீர்கள். ஒரே அடியில் ஒரு கை அகலத்துக்கு ஃபின்கள் படுத்துவிடும், காற்று அந்தப் பக்கம் போகாது. ஏற்கெனவே படுத்தவற்றை ஃபின் சீப்பு கொண்டு நிமிர்த்தலாம். அங்குலத்துக்கு எத்தனை ஃபின் என்று எண்ணி, அதே எண் கொண்ட சீப்பு முனையைப் பயன்படுத்த வேண்டும்.

அடுத்தது அடித்தட்டு. பெரும்பாலானவர்கள் விட்டுவிடும் இடம் இதுதான். காயிலிலிருந்து உருகும் தண்ணீர் அத்தனையும் அடித்தட்டின் ஓட்டைகள் வழியாகத்தான் இறங்க வேண்டும். இரண்டு அழுகிய இலையும் கொஞ்சம் மண்ணும் போதும், ஓட்டை அடைபட்டுவிடும். தண்ணீர் தட்டில் தேங்கும், இரவில் உறையும், மறுநாள் அதன்மேல் இன்னொரு அடுக்கு. நாலைந்து நாளில் ஐஸ் காயிலின் கீழ்வரிசைக் குழாய்களை எட்டிப் பிடித்து நசுக்கும், அல்லது ஃபேன் இறக்கையைத் தொடும். ஒரு மரக்குச்சியால் ஒவ்வோர் ஓட்டையையும் குத்தி, ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி, அது எங்கே இறங்குகிறது என்று குனிந்து பாருங்கள். ஊற்றிய தண்ணீர் அரை நிமிடத்தில் காலியாக வேண்டும்.

அந்த ஓட்டையில் முழங்கை இணைப்பு மாட்டி, மெல்லிய டியூப் வழியாகத் தண்ணீரைத் தூரமாகக் கொண்டுபோயிருந்தால், உறைகுளிர் வரும் இடங்களில் அதைக் கழற்றிவிடுங்கள். மெல்லிய டியூப் தான் முதலில் உறையும். உறைந்த டியூப் அடைபட்ட ஓட்டைக்குச் சமம். கண்டிப்பாகக் குழாய் வேண்டும் என்றால் அகலமான குழாயும், உள்ளே ஓடும் ஹீட்டிங் கேபிளும் வேண்டும். எளிய வழி, தண்ணீரை நேராகக் கீழே விழவிட்டு, யூனிட்டின் அடியில் ஜல்லிக் குழி அமைப்பது. நடைபாதைப் பக்கம் மட்டும் தண்ணீர் ஓடக் கூடாது. காலையில் அது கண்ணாடி போன்ற ஐஸ். கால் வைத்தால் எலும்பு போகும்.

அடித்தட்டில் ஹீட்டர் இருக்கும் மாடல்களும் உண்டு. அது உயிரோடு இருக்கிறதா என்று சர்வீஸ் ஆளிடம் மின்தடை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். கோடை முழுக்க சும்மா இருந்த ஹீட்டர் அறுந்துபோயிருந்தால், முதல் கடுங்குளிர் வரை யாருக்கும் தெரியாது.

கால்களின் உயரம் தனிக் கணக்கு. வழக்கமாகப் பனி குவியும் உயரத்துக்கு மேல் இன்னும் 15 முதல் 20 செ.மீ. வேண்டும். பனியே விழாமல் உறைகுளிர் மட்டும் வரும் இடமென்றாலும் தரைக்கும் அடித்தட்டுக்கும் 10 செ.மீ.யாவது இருக்கட்டும். சொட்டும் தண்ணீர் தரையில் உறைந்து, கீழிருந்து மேலே வளர்ந்து, ஓட்டையையே வந்து அடைக்கும். கோடைக்கு மட்டும் நினைத்துத் தரைப் பலகையில் நேராக வைத்த யூனிட்கள் இப்படித்தான் மாட்டிக்கொள்கின்றன.

சுற்றுப்புற இடைவெளிக்கு மாடலின் கையேடு சொல்வதே கடைசிச் சொல். பொதுவாக, பக்கவாட்டில் காற்று விடும் யூனிட்டுக்குப் பின்சுவரிலிருந்து 15 முதல் 30 செ.மீ., முன்னால் குறைந்தது ஒரு மீட்டர். மேல்நோக்கிக் காற்று விடும் வகைக்குச் சுற்றிலும் 30 முதல் 60 செ.மீ., தலைக்கு மேல் 150 செ.மீ. செடி, சைக்கிள், விறகுக் குவியல் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். முன்பக்கம் அடைபட்டால் யூனிட் தான் விட்ட குளிர்காற்றையே திரும்ப இழுக்கும்; வெளியே 3 டிகிரி இருந்தாலும் அதற்கு மட்டும் பூஜ்யத்துக்குக் கீழே.

கூரை விளிம்பிலிருந்து தண்ணீர் யூனிட்டின் தலையில் சொட்டுகிறதா என்று மழை நாளில் நின்று பாருங்கள். பகலில் உருகும் கூரைப் பனி ஃபேன் வலையில் சொட்டி இரவில் உறைந்தால், காலையில் ஃபேன் கட்டிப்போட்டதுபோல் அசையாது. கூரைத் தூம்பைச் சுத்தம் செய்வது, இல்லாத இடத்தில் ஒன்று போடுவது, அல்லது காற்றுக்குத் தடையில்லாத உயரத்தில் சரிவான ஒரு தகரத் தடுப்பு. இவற்றில் எது முடியுமோ அது.

கடைசியாக உறை. கடைகளில் யூனிட்டுக்கு அளவெடுத்துத் தைத்த உறைகள் கிடைக்கின்றன. கூலிங் மட்டும் செய்யும் ஏசிக்கு அது பொருந்தலாம். ஹீட் பம்ப் குளிர்காலத்தில்தான் அதிகம் உழைக்கிறது. அதை மூடினால் காற்றும் போகாது, ஈரமும் உள்ளேயே நிற்கும், எலிக்கு வீடும் ஆகும். எலி புகுந்தால் முதலில் கடிப்பது சென்சார் வயரைத்தான்.

டீஃப்ராஸ்ட்: எது இயல்பு, எது கோளாறு

உறைபனி படிவதே கோளாறு இல்லை. படிந்ததை உருக்கத் தெரியாவிட்டால்தான் கோளாறு. அதற்காகத்தான் டீஃப்ராஸ்ட். கேஸ் ஓடும் திசையை மாற்றும் ரிவர்சிங் வால்வு திரும்பி, யூனிட் சில நிமிடம் கூலிங்குக்கு மாறுகிறது. கம்ப்ரசரின் சூடான கேஸ் வெளிக்காயிலுக்குள் பாய்கிறது, வெளி ஃபேன் நிற்கிறது, ஐஸ் உருகிக் கொட்டுகிறது. வால்வு திரும்பும்போது "உஸ்ஸ்" என்று பெருமூச்சுபோல் ஒரு சத்தம், பிறகு யூனிட்டிலிருந்து வெண்புகை. முதல் முறை பார்ப்பவர்கள் தீப்பிடித்துவிட்டது என்று ஓடி வருவார்கள்; அது வெறும் நீராவி. மூன்று முதல் பத்து நிமிடத்தில் முடிந்து ஃபேன் மறுபடி சுற்றும். அந்த நேரத்தில் உள்ளே காற்று நிற்பதும் கொஞ்சம் குளிர்வதும் இயல்பு.

பழைய வகைக் கட்டுப்பாட்டு போர்டுகள் நேரத்தை வைத்து முடிவெடுக்கும்: 30, 60 அல்லது 90 நிமிடம் ஓடிய பிறகு காயில் சென்சார் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் டீஃப்ராஸ்ட். ஈரப்பதம் அதிகமுள்ள இடத்தில் 90-ல் வைத்திருந்தால் ஐஸ் முந்திக்கொள்ளும். வறண்ட குளிரில் 30-ல் வைத்திருந்தால் இல்லாத பனியை உருக்க மின்சாரம் போகும். புதிய யூனிட்கள் காயிலுக்கும் காற்றுக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தைப் பார்த்துத் தேவையானபோது மட்டும் செய்கின்றன.

மிகக் கடுமையான குளிரில்தான் அதிகப் பனி கட்டும் என்று தோன்றும். உண்மை வேறு. பூஜ்ய டிகிரியில் ஈரம் நிறைந்த ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 4.8 கிராம் நீராவி இருக்கும். −15 டிகிரியில் 1.4 கிராம்தான். ஆக, யூனிட்டுக்குச் சோதனை −3 முதல் +4 டிகிரி வரை உள்ள மூடுபனி நாள்களில். முதல் அப்படிப்பட்ட நாளில் ஒரு டீஃப்ராஸ்ட் முழுவதையும் நின்று பாருங்கள். முடிந்த பிறகு காயில் சுத்தமாக, ஈரமாக, ஐஸ் இல்லாமல் இருக்க வேண்டும். அடுத்தது 30 நிமிடத்துக்குள் வந்தால் எங்கோ தவறு.

உறைபனி படிந்திருக்கும் விதத்தைப் பார்த்தே பாதி நோயைச் சொல்லிவிடலாம். காயில் முழுக்க ஒரே சீராக, மெல்லிய சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளை என்றால் ஆரோக்கியம். கேஸ் குழாய் நுழையும் பக்கம் சில வரிசைகளில் மட்டும் தடித்த பனி, மீதி காயில் வறண்டு கிடக்கிறது என்றால், கேஸ் குறைவு அல்லது விரிவாக்க வால்வில் கோளாறு. இது சர்வீஸ் ஆளின் வேலை. மேலே சுத்தமாக இருந்து கீழே ஒரு சாண் மட்டும் ஒவ்வொரு டீஃப்ராஸ்டுக்குப் பிறகும் ஐஸ் மிச்சமிருந்தால், முதலில் அடித்தட்டு வடிகாலைப் பாருங்கள். அது சரியாக இருந்தால் காயில் சென்சார் தன் கிளிப்பிலிருந்து நழுவி, காயில் சூடாகிவிட்டது என்று சீக்கிரமே பொய் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். பெட்டி முழுக்க ஒரே ஐஸ் பாளமாக இருந்தால் டீஃப்ராஸ்ட் நடக்கவே இல்லை: சென்சார், போர்டு, சிக்கிய ரிவர்சிங் வால்வு, அல்லது ஹீட்டிங்கின்போது சுற்றாத ஃபேன் மோட்டார். தலையில் மட்டும் ஐஸ் தொப்பி என்றால் கூரைத் தண்ணீர்.

சென்சாரைச் சோதிப்பது சுலபம். ஐஸ் துண்டுகள் மிதக்கும் தண்ணீரில் முனையைச் சில நிமிடம் வைத்து மல்டிமீட்டரால் அளந்தால், 25 டிகிரியில் 10 கிலோ ஓம் வகைச் சென்சார் பூஜ்யத்தில் 32, 33 கிலோ ஓம் அருகே காட்ட வேண்டும். உங்கள் மாடலின் அட்டவணை வேறாக இருக்கலாம், கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐஸ் பாளமாகிவிட்ட யூனிட்டை என்ன செய்வது? சுத்தியல், உளி, சமையல் கத்தி எதுவும் வேண்டாம். காயில் குழாயின் சுவர் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, ஒரு குத்தில் கேஸ் முழுக்கப் போய்விடும். உப்பும் வேண்டாம், அலுமினியத்தை அரித்துவிடும். கொதிநீரும் வேண்டாம். தெர்மோஸ்டாட்டில் ஹீட்டிங்கை நிறுத்தி, குழாய்த் தண்ணீரை வெதுவெதுப்பாக, நண்பகலில், மேலிருந்து பொறுமையாக ஊற்றுங்கள். வழிந்த தண்ணீர் கீழே உறையுமுன் தள்ளிவிடுங்கள். ஐஸ் போன பிறகு ஓடவிட்டு, மறுபடி ஒரே நாளில் பாளமானால் இனி ஊற்றிப் பயனில்லை.

மின்சாரமும் துணை ஹீட்டரும்

கம்ப்ரசரின் அடியில் கிராங்க்கேஸ் ஹீட்டர் என்று ஒரு சிறிய பட்டை ஹீட்டர் உண்டு. சில இன்வெர்ட்டர் மாடல்கள் அதற்குப் பதில் மோட்டார் சுருளையே இளஞ்சூட்டில் வைத்திருக்கும். வேலை ஒன்றுதான்: நின்றிருக்கும்போது கேஸ் திரவமாகிக் கம்ப்ரசர் ஆயிலில் கலந்துவிடாமல் தடுப்பது. கலந்துவிட்டால், ஸ்டார்ட் ஆகும் நொடியில் ஆயில் நுரைத்துப் பொங்கி வெளியேறும், பேரிங் வறண்டு தேயும். அதனால் குளிர்காலத்தில் மிச்சம் பிடிப்பதற்காக யூனிட்டின் பிரேக்கரை அணைத்து வைக்கக் கூடாது. பருவம் தொடங்கும்போது, பிரேக்கர் நீண்ட நாள் அணைந்திருந்தால், போட்டுவிட்டு 12 முதல் 24 மணி நேரம் கழித்தே ஹீட்டிங்கை ஓட்டுங்கள். நீண்ட மின்வெட்டுக்குப் பிறகும் இதே விதி: சில மணி நேரம் துணை ஹீட்டரில் (கம்ப்ரசருக்கு உதவியாக மின்சுருளால் சூடு தருவது) மட்டும் ஓட்டி, பிறகு கம்ப்ரசருக்கு வாருங்கள்.

துணை ஹீட்டர் எப்போது தேவை என்பது ஊகமல்ல, கணக்கு. ஓர் உதாரணம்: உள்ளே 20 டிகிரி வேண்டும், வெளியோடு உள்ள ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் வீடு 0.3 கிலோவாட் இழக்கிறது. யூனிட் +7-ல் 10 கிலோவாட்டும், −7-ல் 7 கிலோவாட்டும் தருகிறது. −5 டிகிரியில் வீட்டுக்கு 7.5 தேவை, யூனிட் தருவதும் ஏறத்தாழ அதே. அதற்கு மேல் வெப்பமாக இருக்கும்வரை துணை ஹீட்டருக்கு வேலையே இல்லை. −10-ல் தேவை 9, கிடைப்பது 6.4, பற்றாக்குறை 2.6 கிலோவாட். 5 கிலோவாட் ஹீட்டர் தாராளம். ஆனால் பல வீடுகளில் ஹீட்டர் +8 டிகிரியிலேயே எரிந்துகொண்டிருக்கும். தெர்மோஸ்டாட்டின் இன்ஸ்டாலர் மெனுவில் துணை ஹீட்டர் தடைவெப்பம் என்று ஓர் அமைப்பு இருக்கும் (வெளியே அதற்கு மேல் வெப்பம் இருந்தால் ஹீட்டர் எரியாது); இந்தக் கணக்குப்படி வந்த புள்ளிக்கு இரண்டு மூன்று டிகிரி மேலே அதை வையுங்கள். டீஃப்ராஸ்ட் நேரத்தில் மட்டும் ஹீட்டர் எரிவதை இது தடுக்காது, தடுக்கவும் வேண்டாம்.

இரவில் நாலைந்து டிகிரி இறக்கி, காலையில் ஒரேயடியாக ஏற்றுவது ஃபர்னஸ் காலத்துப் பழக்கம். ஹீட் பம்ப் மெதுவாகத்தான் ஏறும். தெர்மோஸ்டாட் பொறுமை இழந்து துணை ஹீட்டரைக் கூப்பிட்டுவிடும். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு கம்ப்ரசர் இரண்டு மூன்று யூனிட் சூடு தரும். ஹீட்டர் ஒன்றுக்கு ஒன்றுதான். இரவெல்லாம் மிச்சம் பிடித்தது காலை ஒரு மணி நேரத்தில் போய்விடும். ஒன்றிரண்டு டிகிரி இறக்கம் போதும். "எமர்ஜென்சி ஹீட்" பொத்தானின் பெயரைப் பார்த்து, கடுங்குளிர் வந்தால் போட வேண்டியது என்று நினைத்துவிடாதீர்கள். அது கம்ப்ரசரை முழுக்க நிறுத்திவிட்டு ஹீட்டரில் மட்டும் ஓட்டும். கம்ப்ரசர் செத்தாலோ, நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு அந்தச் சில மணி நேரமோ மட்டுமே அதற்கு வேலை.

அப்படிப்பட்ட நாளில் அது எரியுமா என்பதை இப்போதே பார்த்துவிடுங்கள். 240 வோல்ட்டில் 5 கிலோவாட் ஹீட்டர் ஏறத்தாழ 21 ஆம்பியர் இழுக்க வேண்டும். 10 கிலோவாட்டுக்கு 42. கிளாம்ப் மீட்டரில் பாதிதான் காட்டினால் ஒரு சுருள் அறுந்திருக்கிறது. இந்த அளவை மின்வேலை தெரிந்தவர் எடுக்கட்டும். முதல் முறை எரியும்போது கருகிய தூசி வாடை சில நிமிடம் வரும். அரை மணிக்கு மேல் நீடித்தால் அணைத்துவிடுங்கள்.

இன்வெர்ட்டர் இல்லாத யூனிட்களில் கம்ப்ரசர் மோட்டாரை ஓடவைக்கும் ரன் கெப்பாசிட்டரும் வருடம் ஒருமுறை அளக்கப்பட வேண்டிய பாகம். 45 மைக்ரோஃபாரட் என்று எழுதியது 42-க்குக் கீழே வந்தால் மாற்றிவிடலாம். பலவீனமான கெப்பாசிட்டர் மிதமான நாளில் எப்படியோ ஓட்டிவிடும்; குளிரில் ஆயில் கெட்டியானதும் கம்ப்ரசர் முனகிவிட்டு நின்றுபோகும்.

கோடையில் புதுத் தெர்மோஸ்டாட் மாட்டியவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சில நிறுவனங்களின் ரிவர்சிங் வால்வு கூலிங்கில் மின்சாரம் வாங்கும், சிலவற்றில் ஹீட்டிங்கில். தெர்மோஸ்டாட்டில் "ஓ" அல்லது "பி" என்ற தேர்வு இதற்குத்தான். தவறாக இருந்தால் சூடு கேட்டால் குளிர் வரும்.

ரேடியேட்டருக்குத் தண்ணீர் அனுப்பும் வகை

காற்றிலிருந்து எடுத்துத் தண்ணீருக்குச் சூடு தந்து, அறைகளில் உள்ள ரேடியேட்டர்களுக்கு (வெந்நீர் ஓடும் சூடேற்றிகளுக்கு) அனுப்பும் யூனிட்டில் மேலே சொன்ன வெளிவேலை எல்லாம் அப்படியே பொருந்தும். கூடுதலாகச் சில. குளிர்ந்த நிலையில் தண்ணீர் அழுத்தம் 1 முதல் 1.5 பார் இருக்க வேண்டும். சூடானதும் 3 பார் நோக்கி ஓடி, பாதுகாப்பு வால்வு சொட்டினால், சூட்டில் விரியும் தண்ணீருக்கு இடம் தரும் எக்ஸ்பான்ஷன் டேங்கின் காற்று போய்விட்டது. தண்ணீர்ப் பக்க அழுத்தத்தை இறக்கிவிட்டு அதன் காற்றழுத்தத்தை அளந்து நிரப்ப வேண்டும்.

காந்த ஃபில்டரையும் வலை ஃபில்டரையும் கழுவுவதுதான் இங்கே முதல் வேலை. 8 கிலோவாட் சூட்டை 5 டிகிரி வித்தியாசத்தில் கொண்டுபோக நிமிடத்துக்கு 23 லிட்டர் ஓட வேண்டும். கறுத்த இரும்புச் சேறு வலையை அடைத்து அது 12 லிட்டராகக் குறைந்தால், செயல்திறன் குறைவது சின்ன விஷயம். டீஃப்ராஸ்டின்போது யூனிட் இந்தத் தண்ணீரிலிருந்துதான் சூட்டை உறிஞ்சுகிறது. ஓட்டம் போதாவிட்டால் கேஸுக்கும் தண்ணீருக்கும் இடையே சூட்டை மாற்றும் பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சர் உறைந்து வெடிக்கும், கேஸும் தண்ணீரும் கலக்கும். அதற்குப் பிறகு யூனிட்டைக் காப்பாற்றுவது கடினம். எல்லா ரேடியேட்டர் வால்வுகளையும் இறுக்கி மூடி ஓர் அறையை மட்டும் சூடாக்குவதும் இதே ஆபத்தைத்தான் கூப்பிடும்.

உறைதடுப்பு திரவம் கலந்திருந்தால் ரிஃப்ராக்டோமீட்டரில் (கலவையின் அடர்வைக் காட்டும் கருவி) ஒரு துளி வைத்துப் பாருங்கள். புரொப்பிலீன் கிளைகால் 30 விழுக்காட்டில் சுமார் −13 டிகிரி வரை தாங்கும், 40-ல் −21 வரை. கார் ரேடியேட்டர் திரவத்தை ஊற்றாதீர்கள். பொதுவாக அது எத்திலீன் கிளைகால், நச்சு. கிளைகால் இல்லாமல், தண்ணீர் 3 டிகிரிக்கு இறங்கினால் தானே திறந்து வடித்துவிடும் வால்வு மாட்டும் முறையும் உண்டு. இரண்டில் ஒன்றுதான். இரண்டையும் சேர்த்து வைத்தால் ஒரு மின்வெட்டு இரவில் கிளைகால் அத்தனையும் தோட்டத்தில் இருக்கும்.

தண்ணீர் வெப்பத்தை அளவோடு வைப்பதில்தான் பெரிய மிச்சம். ஒவ்வொரு டிகிரி குறைப்புக்கும் செயல்திறன் 2 முதல் 3 விழுக்காடு கூடும். வெளிக்குளிருக்கேற்பத் தண்ணீர் வெப்பத்தை மாற்றும் வெதர் காம்பன்சேஷன் கோட்டை ஒரு டிகிரி இறக்கி, இரண்டு நாள் பொறுத்து, வீடு சூடாகவே இருந்தால் இன்னொரு டிகிரி. ஏதேனும் ஓர் அறை குளிரத் தொடங்கியதும் நிறுத்துங்கள்.

ஆளைக் கூப்பிடும்போது

ஹீட் பம்ப்பில் கேஸ் தீர்ந்துபோகும் பொருளல்ல; குறைந்திருந்தால் கசிந்திருக்கிறது. கசிவைத் தேடாமல் "கொஞ்சம் போட்டுவிட்டேன்" என்று சொல்லிப் போகும் ஆள் அடுத்த குளிருக்கும் வருவார். வெளியே கடுங்குளிராக இருக்கும்போது அழுத்த மீட்டரை மட்டும் பார்த்துக் கேஸ் அளவைச் சரிசெய்வதும் நம்பகமல்ல. இருப்பதை முழுக்க மீட்டெடுத்து, கசிவை அடைத்து, வேக்குவம் இழுத்து, பெயர்ப்பலகையில் அச்சிட்ட எடையைத் தராசில் அளந்து ஏற்றுவதே முறை. கேஸ் வகைகளில் ஆர்-290 என்பது புரொப்பேன், எளிதில் தீப்பற்றும். ஆர்-32-ம் ஓரளவு தீப்பற்றக்கூடியது. இந்த இரண்டிலும் பயிற்சி பெறாதவரைக் குழாயில் கைவைக்க விடாதீர்கள்.

கூப்பிடுமுன் நான்கைந்து விஷயங்களைக் குறித்து வைத்தால் அவருடைய முதல் ஒரு மணி நேரம் மிச்சமாகும்: கோளாறு தொடங்கியபோது வெளியே எத்தனை டிகிரி, தெர்மோஸ்டாட்டிலோ ரிமோட்டிலோ காட்டும் பிழை எண், போர்டு விளக்கு எத்தனை முறை சிமிட்டி நிற்கிறது, கடைசி டீஃப்ராஸ்ட் எப்போது, பிரேக்கர் விழுந்ததா. கூடவே உறைபனி படிந்த காயிலின் புகைப்படம், நான்கு பக்கமும். அவர் வந்து சேரும்போது ஐஸ் உருகிப் போயிருக்கலாம். பிழை எண்ணைக் குறிக்காமல் மின்சாரத்தை அணைத்துப் போட்டுவிடாதீர்கள். சில மாடல்களில் அதோடு அந்தப் பதிவும் அழிந்துவிடும்.